முதலாம் ஆண்டின் முதல் ஆறு வாரம்

ஏழு வயதுப் பிள்ளை முதல் நாள் பள்ளிக்கு வரும்போது அதன் மனத்தில் ஓடுவது தமிழும் அல்ல, கணிதமும் அல்ல. தண்டாஸ் எங்கே இருக்கிறது? மத்தியானம் என்னை யார் வந்து கூட்டிப் போவார்கள்? இந்த டீச்சர் அடிப்பாரா? இவ்வளவுதான். இவற்றுக்கு விடை தெரியும்வரை வெண்பலகையில் நீங்கள் எதை எழுதினாலும் அது பிள்ளைக்கு எட்டாது.

பொந்தியான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் முதலாம் ஆண்டு வகுப்பாசிரியராகப் பொறுப்பேற்கும் உங்களுக்காக இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். பள்ளி திறப்பதற்கு முந்திய வாரம் தொடங்கி, ஆறாம் வாரம் முடியும்வரை என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதே இதில் உள்ளது. முதலில் ஆய்வுச் செய்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்ஜெட் ஹாம்ரே, ராபர்ட் பியான்டா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பாலர் வகுப்புப் பிள்ளைகளை எட்டாம் வகுப்புவரை தொடர்ந்து கவனித்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். பாலர் வகுப்பில் ஆசிரியரோடு ஓயாமல் முட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் அதன் பாதிப்பு எட்டாம் வகுப்பிலும் தெரிந்தது. குறும்பு மிகுந்த பிள்ளைகளிடம் அது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. முதல் ஆசிரியரோடு அமையும் உறவு அந்த ஓர் ஆண்டோடு முடிந்துபோவதில்லை.

இந்த உறவு ஒரு காலத்தில் தானாக அமைந்தது. ஆசிரியர் தோட்டத்திலேயே குடியிருந்தார். பிள்ளையின் அப்பாவைக் கோயில் திருவிழாவில் பார்ப்பார், அம்மாவைக் கடையில் பார்ப்பார். எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் காய்ச்சல் என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும். இன்று நம்மில் பலர் ஸ்கூடாயிலிருந்தோ ஜொகூர் பாருவிலிருந்தோ காரில் வந்து, மணி அடித்ததும் காரில் திரும்புகிறோம். பெற்றோரில் பலர் விடியும் முன்பே இரண்டாவது பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலைக்கு நிற்கிறார்கள். நாமும் அவர்களும் எதிரெதிரே சந்திக்க இடமே இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் முன்பு தானாக நடந்ததை இப்போது திட்டம் போட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

பள்ளி திறக்கும் முன்: பெயர்ப் பட்டியல்

1. பெயர்ப் பட்டியலை வாங்கியதும் ஒவ்வொரு பெயரையும் தமிழில் எழுதுங்கள். பிறப்புப் பத்திரத்தில் பெயர் ரோமன் எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து வாசித்தால் கயல்விழி 'கயல்விலி' ஆகிவிடுவாள். சந்தேகம் உள்ள பெயர்களைப் பெற்றோரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

2. வீட்டில் எப்படி அழைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அந்தப் பெயரை வகுப்பில் பயன்படுத்தலாமா என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். வீட்டில் 'பாப்பா' என்றால் குழையும் பிள்ளை, வகுப்பில் எல்லார் முன்னும் அப்படி அழைத்தால் கூனிக் குறுகிப் போகும்.

3. பெற்றோர் பதிவுக்கு வரும் நாளில் மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு எழும்பும்? கொண்டுவந்து விடுவது யார், கூட்டிப் போவது யார்? எதற்குப் பயப்படும்? 'எழுதப் படிக்கத் தெரியுமா?' என்ற கேள்வியை அன்று தவிர்த்துவிடுங்கள். அது முதல் வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அன்று நீங்கள் முதலில் எதைக் கேட்டீர்கள் என்பதைப் பெற்றோர் ஆண்டு முழுக்க மறக்கமாட்டார்கள்.

4. ஆஸ்துமா, வலிப்பு, உணவு ஒவ்வாமை, தினமும் எடுக்கும் மருந்து ஆகியவற்றைத் தனித் தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வையுங்கள். நீங்கள் விடுப்பில் போனால் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வரும் ஆசிரியருக்கு அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

5. கூட்டிப் போக உரிமை உள்ளவர்களின் பட்டியலைப் பெற்றோர் கையெழுத்தோடு வாங்குங்கள். பட்டியலில் இல்லாதவர் வந்து 'நான் மாமாதான்' என்றால், பிள்ளையும் 'ஆமாம், மாமாதான்' என்றால்கூட, தொலைபேசியில் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

குறிப்பு: முதல் நாளைக்குள் எல்லாப் பெயரும் மனப்பாடமாகி இருந்தால் நல்லது. பொந்தியான் போன்ற சிறு நகரத் தமிழ்ப்பள்ளியில் வகுப்பு சிறியதாகத்தான் இருக்கும். பெயர் தெரியாததற்கு எண்ணிக்கையைக் காரணம் காட்ட முடியாது.

முதல் நாள்

அன்று பாடம் நடத்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். செய்ய வேண்டியது நான்கே வேலை.

முதல் வேலை, தண்டாஸ். எல்லாரையும் வரிசையில் கூட்டிப் போய்க் காட்டுங்கள். எது ஆண் பிள்ளைகளுக்கு, எது பெண் பிள்ளைகளுக்கு, தாழ்ப்பாளை எப்படிப் போடுவது, எப்படித் திறப்பது, தண்ணீர் எங்கே திறப்பது என்று ஒவ்வொருவரையும் செய்யவைத்துப் பாருங்கள். தாழ்ப்பாள் திறக்காமல் உள்ளே மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் மத்தியானம்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். போக வேண்டும் என்று சொல்ல ஒரு கைச்சாடையும் கற்றுக்கொடுங்கள். சாடையைக் கண்டதும் தலையசைத்து அனுப்பிவிடுங்கள். 'ஓய்வு நேரத்தில் போயிருக்கலாமே' என்ற வாக்கியம் முதலாம் ஆண்டு வகுப்பில் ஒருநாளும் ஒலிக்கக் கூடாது.

இரண்டாவது, வீட்டுக்குப் போகும் இடம். வேனில் போகிறவர்கள் எங்கே நிற்க வேண்டும், மோட்டாரில் தாத்தா வந்தால் எங்கே காத்திருக்க வேண்டும் என்று நேரில் காட்டுங்கள். 'உன்னைக் கூட்டிப் போக ஆள் வரும்வரை டீச்சர் இங்கேயே நிற்பேன்' என்று சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள். ஒரே ஒரு நாள் அந்த வாக்குத் தவறினால் மறுபடி நம்பவைக்க இரண்டு வாரம் ஆகும்.

மூன்றாவது, சிற்றுண்டிச்சாலை. கையில் இரண்டு வெள்ளியோடு வரிசையில் நின்று வாங்கிப் பழக்கமில்லாத பிள்ளை, பெரிய அண்ணன்மார் கூட்டத்தில் நசுங்கிப் போகும். முதல் வாரம் முழுக்க நீங்களும் கூட நில்லுங்கள். காசு தொலைந்து அழுகிற பிள்ளைக்காக உங்கள் பையில் சில்லறை இருக்கட்டும்.

நான்காவது, உங்களைப் பற்றிச் சொல்வது. சுருக்கமாகப் போதும். 'நான் உங்க டீச்சர். நான் அடிக்க மாட்டேன். தப்பு செஞ்சா சொல்லித் தருவேன். பயமா இருந்தா கையைத் தூக்குங்க.' இதற்கு மேல் விதிமுறைப் பட்டியல் ஒட்டி வாசிக்க வேண்டாம். இரண்டு மூன்று பழக்கங்களை நாளொன்றுக்கு ஒன்றாகச் செய்துகாட்டினால் போதும்.

அழுகிற பிள்ளை இருக்குமே? பெற்றோர் சன்னலோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அழுகை நிற்காது. பிள்ளைக்குத் தெரியாமல் நழுவிப் போகச் சொல்வதும் தவறு. திரும்பிப் பார்க்கும்போது அம்மாவைக் காணோம் என்றால் அந்தப் பயம் பல நாள் போகாது. 'அம்மா போயிட்டு ஒரு மணிக்கு வரேன்' என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். பிறகு பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள்: வண்ணப் பென்சில்களைப் பெட்டியில் அடுக்குவது, வெண்பலகைப் பேனா எடுத்துக் கொடுப்பது என்று ஏதாவது. கையில் வேலை வந்ததும் அழுகை மெல்ல அடங்கிவிடும்.

பாதுகாப்பு: பிள்ளை துணியை நனைத்துவிட்டால் மாற்றிக்கொள்ள ஓரிரு காற்சட்டைகளை அலமாரியில் வையுங்கள். பிள்ளையே மாற்றிக்கொள்ளட்டும். உதவி தேவைப்பட்டால் இன்னோர் ஆசிரியரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். அன்றே பெற்றோருக்குத் தெரிவியுங்கள். மற்றப் பிள்ளைகளிடம் 'தண்ணீர் கொட்டிவிட்டது' என்று சொன்னால் போதும்.

வகுப்பு வாசலில் ஐந்து நிமிடம்

பள்ளி நுழைவாயிலில் ஆசிரியர்கள் நின்று பிள்ளைகளை வரவேற்கும் 'குரு பெஞாயாங்' நடைமுறையைக் கல்வி அமைச்சு ஏற்கெனவே கொண்டுவந்திருக்கிறது. பல பள்ளிகளில் பணிமுறைப் பட்டியல் போட்டு அதைச் செய்கிறார்கள். நான் சொல்வது அதற்கு அடுத்த வாசல், உங்கள் வகுப்பறை வாசல். அங்கே தினமும் நிற்க வேண்டியவர் நீங்கள் ஒருவரே.

1. மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே வாசலில் நில்லுங்கள். கையில் கைப்பேசி வேண்டாம், பதிவேடும் வேண்டாம்.
2. பெயர் சொல்லி வணக்கம் சொல்லுங்கள். பிள்ளை முதலில் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.
3. கையோடு கை தட்டுவதா, வணக்கமா, வெறும் சிரிப்பா, எது வேண்டும் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தொடுவதை விரும்பாத பிள்ளைகள் உண்டு. காரணம் கேட்காமல் அதை மதியுங்கள்.
4. முகத்தைப் படியுங்கள். வீங்கிய கண், சீவாத தலை, நேற்றைய சட்டை. எதையும் வாசலில் கேட்காதீர்கள். மனத்தில் குறித்துக்கொண்டு பிறகு தனியாகப் பேசுங்கள்.
5. முதல் வேலை மேசைமேல் தயாராக இருக்கட்டும், ஒரு படம் தீட்டுவதோ எழுத்து வரைவதோ. இல்லாவிட்டால் நீங்கள் வாசலில் நிற்கும்போது உள்ளே ரகளை நடக்கும்.

கிளேட்டன் குக் என்பவரும் அவர் குழுவினரும் அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளில் இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். வாசல் வரவேற்பு நடந்த வகுப்புகளில் மாணவர்கள் பாடத்தில் ஈடுபட்டிருந்த நேரம் 20 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியது. இடையூறு 9 புள்ளிகள் குறைந்தது. அவர்கள் நம் பிள்ளைகளைவிட வயதில் மூத்தவர்கள். ஏழு வயதில் பலன் இதற்குக் குறையாது என்பது என் அனுபவம்.

பொதுவான தவறு: வாசலிலேயே சோதனை தொடங்குவது. 'நகம் வெட்டினியா? வீட்டுப்பாடம் எங்கே? சப்பாத்து ஏன் அழுக்கு?' பிள்ளைக்கு அன்றைய நாளின் முதல் சொல் குற்றச்சாட்டாக இருக்கக் கூடாது. நகத்தை முதல் பாடவேளை முடிந்ததும் பார்க்கலாம்.

இரண்டு நிமிடம், பத்து நாள்

இரண்டாம் வாரத்தில் ஒரு பிள்ளை உங்களுக்குக் கண்ணில் பட்டுவிடும். ஓடும், தள்ளும், கத்தும், அல்லது வாயே திறக்காது. மற்றவர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு குரலும், அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது வேறு குரலும் உங்களுக்கு வரும். அந்தப் பிள்ளையிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரேமண்ட் வுளட்கவுஸ்கி என்ற அமெரிக்கக் கல்வியாளரின் பெயரால் வழங்கும் எளிய முறை இது. நாளொன்றுக்கு இரண்டு நிமிடம், தொடர்ந்து பத்துப் பள்ளி நாள், பாடத்தைப் பற்றியும் நடத்தையைப் பற்றியும் ஒரு சொல்லும் பேசாமல் அந்தப் பிள்ளையோடு உரையாடுவது. சிறு பிள்ளைகளுக்கு ஏற்றபடி நான் இதைச் சற்று மாற்றிச் செய்வேன்.

1. நேரத்தை முடிவு செய்யுங்கள். ஓய்வு முடிந்து வகுப்புக்குத் திரும்பும் நடை நல்ல நேரம். தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.
2. பிள்ளையின் உயரத்துக்குக் குனியுங்கள். எதிரே நிற்க வேண்டாம், பக்கத்தில் நில்லுங்கள்.
3. கேள்வியாகத் தொடங்காமல், கண்டதைச் சொல்லித் தொடங்குங்கள். 'ஏன் பேச மாட்டேங்கிற?' என்றால் வாய் பூட்டிக்கொள்ளும். 'உன் பையில டைனோசர் படம் இருக்கே' என்றால் திறக்கும்.
4. பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். அறிவுரை சேர்க்காதீர்கள்.
5. மறுநாள் முந்திய நாள் பேச்சிலிருந்து தொடருங்கள். நேற்று சொன்னது டீச்சருக்கு ஞாபகம் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிவதில்தான் இந்த முறையின் முழுப் பலனும் இருக்கிறது.

பேச்சு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

'நேத்து நல்ல மழை. நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள முழுக்க நனைஞ்சிட்டேன்.'
'நான் நனையல டீச்சர். தாத்தா மோட்டார்ல வந்தாரு. எனக்குப் பெரிய மழைச்சட்டை போட்டுவிட்டாரு.'
'ஓ, தாத்தாவோட மழைச்சட்டையா?'
'ஆமா. கால் வரைக்கும் வந்துச்சு. பேய் மாதிரி இருந்தேன்!'

அவ்வளவுதான். மறுநாள் 'இன்னைக்கு மழை வராது போல, பேய் வருமா?' என்று தொடரலாம்.

முதல் மூன்று நாள் பிள்ளை பதிலே பேசாமல் போகலாம். நிறுத்தாதீர்கள். நான்காம் நாள் குறும்பு கூடவும் செய்யலாம். டீச்சரின் அன்பு நிற்குமா, போகுமா என்று பிள்ளை இழுத்துப் பார்க்கிறது. நல்ல பிள்ளையாக இருந்ததற்குப் பரிசு இந்த இரண்டு நிமிடம் என்று நினைத்துவிட்டால் எல்லாம் பாழ். அன்று காலையில் அது பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளியிருந்தாலும் அந்த இரண்டு நிமிடம் அதற்கு உண்டு. கிள்ளியதற்கான கண்டிப்பு வேறு நேரத்தில், வேறு இடத்தில்.

பத்து நாள் முடிந்ததும் அடுத்த பிள்ளை. ஆறு வாரத்தில் மூவரைத் தாண்ட முடியாது. அந்த மூவர் சரியான மூவராக இருந்தால் வகுப்பே மாறிவிடும்.

வீட்டு மொழி

பொந்தியானில் நம் பிள்ளைகளைச் சுற்றி மலாய் இருக்கிறது, சீனம் இருக்கிறது, கைப்பேசியில் ஆங்கிலம் இருக்கிறது. மலாய் வழிப் பாலர் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு 'அழிப்பான்' தெரியாது, 'பெமாடம்' தெரியும். அப்படிச் சொல்லும் பிள்ளையிடம் 'இது தமிழ்ப்பள்ளி, தமிழில் பேசு' என்று உடனே திருத்தினால் தமிழ் வராது. பேச்சுத்தான் நின்றுபோகும். 'ஆமா, உன் அழிப்பான் கீழே விழுந்திருக்கு, எடுத்துக்கோ' என்று சரியான சொல்லை உங்கள் வாயால் இயல்பாகச் சொல்லிவிட்டு நகருங்கள். பத்து முறை காதில் விழுந்தால் பதினோராம் முறை தானாக வரும்.

கேள்வி கேட்டபின் பொறுத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்தார். மூன்று நொடி காத்திருந்தால் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மனத்துக்குள் 'ஒன்று, இரண்டு, மூன்று' எண்ணுங்கள். இரண்டு மொழியில் யோசிக்கும் பிள்ளைக்கு ஐந்துவரை எண்ணலாம்.

பாராட்டு

'கெட்டிக்காரி' என்று சொல்வதைக் காட்டிலும் 'ம எழுத்தை மூணு தடவை அழிச்சு எழுதினே, இப்ப வளைவு சரியா வந்திருக்கு' என்று சொல்வது மேல். என்ன செய்தது பலித்தது என்று பிள்ளைக்குத் தெரிகிறது. நட்சத்திர அட்டை, ஒட்டுப்படம் எல்லாம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். சுவரில் யாருக்கு எத்தனை நட்சத்திரம் என்று மட்டும் தொங்கவிடாதீர்கள்.

வகுப்பறை மதிப்பீட்டையும் இதே போலக் காக்க வேண்டும். முதலாம் ஆண்டுப் பிள்ளையின் அடைவுநிலையை 1 முதல் 6 வரை மதிப்பிடும் பொறுப்பு வகுப்பறையில் நம் கையில் இருக்கிறது. அந்த எண் உங்களுக்கும் பெற்றோருக்கும் இடையே இருக்க வேண்டியது. 'ஒண்ணு வாங்கினவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க' என்று அழைத்தால், அந்த எண் அன்று மாலைக்குள் பிள்ளையின் பட்டப்பெயராகிவிடும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

வகுப்புத் தலைவனிடம் தாளைக் கொடுத்து 'பேசுறவன் பேரை எழுது' என்று விட்டுப் போவது. ஏழு வயதுப் பிள்ளையை ஒற்றனாக்குகிறோம். எழுதியவனையும் மற்றவர்கள் வெறுப்பார்கள், எழுதப்பட்டவனும் உங்களை நம்பமாட்டான்.

'உங்க அக்கா எப்படிப் படிச்சா தெரியுமா?' சிறு பள்ளியில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் அடுத்தடுத்து வருவார்கள். இந்த வாக்கியம் நாக்கு நுனியில் நிற்கும். விழுங்கிவிடுங்கள்.

உடல், நிறம் பற்றிய செல்லப் பெயர். பிள்ளை சிரிக்கிறதே என்று நினைக்காதீர்கள். பிள்ளை சிரிப்பது வேறு வழி தெரியாமல். ஆண்டுவிழா நாடகத்தில் வேடம் பிரிக்கும்போதும் இதைக் கவனியுங்கள். அரக்கன் வேடம் ஆண்டுதோறும் கறுத்த பிள்ளைக்கே போகிறதா என்று பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

உடற்கல்விப் பாடவேளையைத் தண்டனையாகப் பறிப்பது. உட்கார முடியாத பிள்ளைக்குத்தான் திடல் அதிகம் தேவை.

நீங்கள் தவறாகக் கோபப்பட்ட பிறகு

ஓர் ஆண்டு என் வகுப்பில் ஒரு பையன் தினமும் இரண்டாம் பாடவேளையில் தூங்கிவிடுவான். மூன்றாம் நாள் மேசையைத் தட்டி, எல்லார் முன்னும் சத்தம் போட்டேன். 'ராத்திரி முழுக்க டிவி பார்த்தியா?' என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் அவனைக் கூட்டிப் போக வந்த பாட்டியிடம் கேட்டேன். அப்பா, அம்மா இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை. அதிகாலை நான்கு மணிக்கு அவனைத் தூக்கத்தோடு தூக்கி வந்து பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அதன்பிறகு அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. பெற்றோரிடம் கேட்கச் சொல்லி மேலே எழுதிய முதல் கேள்வி, எத்தனை மணிக்கு எழும்பும் என்பது, அந்த மத்தியானத்துக்குப் பிறகுதான் என் பட்டியலில் சேர்ந்தது.

தவறு நடக்கும். நடந்தபின் சரிசெய்யும் வரிசை இது:

1. முதலில் உங்கள் மூச்சு அடங்கட்டும். கோபம் மிச்சமிருக்கும்போது கேட்கும் மன்னிப்பு இன்னொரு திட்டாகவே வெளிவரும்.
2. அன்றே, வீட்டு மணி அடிப்பதற்குள் பேசுங்கள். இரவு முழுக்க அந்தப் பாரத்தைப் பிள்ளை சுமக்கக் கூடாது.
3. பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, நீங்கள் செய்ததை மட்டும் சொல்லுங்கள். 'காலையில எல்லார் முன்னாலயும் உன்னைத் திட்டிட்டேன். காரணம் கேட்காம திட்டினது என் தப்பு.'
4. 'ஆனா நீயும்' என்று தொடராதீர்கள். அந்த 'ஆனா' வந்தவுடன் முன்னே சொன்னதெல்லாம் அழிந்துவிடும்.
5. 'பரவாயில்லை டீச்சர்' என்று சொல்லவைக்காதீர்கள். பிள்ளை பேசாமல் போனாலும் சரி.
6. எல்லார் முன்னும் திட்டியிருந்தால் எல்லார் முன்னும் திருத்துங்கள். ஒரு வாக்கியம் போதும். 'காலையில இவனை நான் தப்பா நினைச்சிட்டேன்.'
7. மறுநாள் காலை வாசலில் வழக்கம்போலப் பெயர் சொல்லி வணக்கம்.

மன்னிப்புக் கேட்டால் பிள்ளைக்குப் பயம் விட்டுப்போகும் என்று என்னிடம் சொன்ன சக ஆசிரியர்கள் உண்டு. பயம் விட்டுப்போவது உண்மைதான். நான் மன்னிப்புக் கேட்டபிறகு அந்தப் பையன் தூக்கம் வந்தால் தானே வந்து சொல்வான். முகம் கழுவிவிட்டு, பின்வரிசையில் பத்து நிமிடம் தலை சாய்த்துவிட்டு எழுந்து எழுதுவான்.

ரோத்தான் பற்றி

சட்டத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகளின்படி, பெண் பிள்ளைகளை ரோத்தானால் அடிக்கவே கூடாது. ஆண் பிள்ளைகளை அடிக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கும் அவர் அதிகாரம் வழங்கியவருக்கும் மட்டுமே உண்டு. அதுவும் மெல்லிய பிரம்பால், உள்ளங்கையிலோ ஆடை மேலாகப் பின்புறத்திலோதான். வகுப்பாசிரியர் கோபத்தில் கிள்ளுவது, காதைத் திருகுவது, அடிமட்டத்தால் தட்டுவது எதற்கும் இடமில்லை. 'அடிச்சுக்கூடத் திருத்துங்க டீச்சர்' என்று பெற்றோரே சொன்னாலும் அது அனுமதி ஆகாது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். முதல் நாள் 'நான் அடிக்க மாட்டேன்' என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒரு பிள்ளையை அடித்தால் அந்த வாக்கு எல்லாப் பிள்ளைகளிடமும் உடையும்.

பெற்றோரோடு

முதல் நல்ல செய்தி, முதல் புகாருக்கு முன்னால் போக வேண்டும். மூன்றாம் வாரத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தி அனுப்பிவிடுங்கள். 'இன்று உங்கள் மகன் விழுந்த தோழனைத் தூக்கிவிட்டான்' என்பது போல நடந்த ஒன்றாக இருக்கட்டும். பெற்றோருக்கு வேலையிடத்தில் கைப்பேசியைப் பார்க்கும் நேரம் எது என்று கேட்டு அந்த நேரத்தில் அனுப்புங்கள். குறை சொல்ல வேண்டியிருந்தால் வகுப்புப் புலனக் குழுவில் ஒருபோதும் வேண்டாம். தனியாக, குரலில் பேசுங்கள்.

ஜொகூரில் 2014 முதல் 2024 வரை வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. சிங்கப்பூரில் வேலை செய்யும் பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார்கள், பிள்ளை பள்ளியில் இருக்கும். 2025 சனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மாறியபின் இருவருக்கும் ஒரே விடுமுறை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு பேசி, ஆறு வாரத்துக்குள் ஒரு சனிக்கிழமைக் காலையைச் சந்திப்புக்கு ஒதுக்குங்கள். பாட்டி, தாத்தா பிள்ளையை வளர்க்கும் வீடென்றால் அவர்களையும் அழையுங்கள். பிள்ளையைப் பற்றி அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

நெருக்கத்தின் எல்லைகள்

அன்பான ஆசிரியர் எல்லைகளில் கண்டிப்பாக இருக்க வேண்டும். இவை பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்காதீர்கள். தனியாகப் பேச வேண்டியது மற்றவர் கண்ணில் படும் இடத்தில், காதில் விழாத தூரத்தில் நடக்கட்டும். உங்கள் காரில் ஒரு பிள்ளையை மட்டும் ஏற்றிப் போகாதீர்கள். தவிர்க்கவே முடியாதபோது பெற்றோர், தலைமையாசிரியர் இருவரின் அனுமதியோடும் இன்னொருவர் துணையோடும் போங்கள். பிள்ளையின் படத்தைப் பெற்றோர் இசைவில்லாமல் உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் போடாதீர்கள். 'இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம்' என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்களும் இதே வாக்கியத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பிள்ளை உங்களை நம்பத் தொடங்கியபின் ஒருநாள் ஏதாவது சொல்லக்கூடும். யாரோ அடிக்கிறார்கள் என்றோ, தொடக் கூடாத இடத்தில் தொட்டார்கள் என்றோ. அப்போது செய்ய வேண்டியவை:

1. முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் கேளுங்கள். 'சொன்னது நல்லது. உன் மேல தப்பு இல்லை.'
2. தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள். 'அவர்தானே செய்தார்?' என்று பெயரை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். விசாரிப்பது உங்கள் வேலை அல்ல.
3. 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 'உன்னைப் பாதுகாக்கக்கூடியவங்ககிட்ட சொல்வேன்' என்று சொல்லுங்கள்.
4. பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள்.
5. அன்றே தலைமையாசிரியருக்கும் வழிகாட்டி ஆலோசக ஆசிரியருக்கும் தெரிவியுங்கள். காவல்துறையிலும் புகார் செய்யலாம்; பாலியல் குற்றம் என்றால் கட்டாயம் செய்ய வேண்டும். தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும்.
6. குற்றம் சாட்டப்பட்டவர் அந்த வீட்டில் இருக்கக்கூடும் என்றால், வீட்டுக்கு அழைத்து 'இப்படிச் சொல்கிறதே' என்று கேட்டுவிடாதீர்கள். பிள்ளையை மேலும் ஆபத்தில் தள்ளிவிடுவீர்கள்.

2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றத்தைத் தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது பொறுமை காக்கச் சொன்னால், இந்தப் பிரிவை நினைவில் வையுங்கள்.

இடையில் மாற்றல் வந்தால்

ஆண்டு நடுவில் உங்களுக்கு மாற்றல் வரலாம், பேறுகால விடுப்பு வரலாம். ஒரு திங்கட்கிழமை திடீரென்று காணாமல் போகாதீர்கள். ஒரு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். நாட்காட்டியில் கடைசி நாளைப் பிள்ளைகளையே வட்டமிடச் சொல்லுங்கள். 'உங்களால டீச்சர் போகலை' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சில பிள்ளைகள், தாம் குறும்பு செய்ததால்தான் டீச்சர் போய்விட்டார் என்று உறுதியாக நம்பிவிடுவார்கள். முடிந்தால் அடுத்த ஆசிரியர் ஒரு நாளாவது உங்களோடு வகுப்பு வாசலில் நிற்கட்டும்.

அவரிடம் நீங்கள் கொடுக்க வேண்டியது மதிப்பெண் பட்டியல் மட்டும் அல்ல. ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம். பெயரைச் சரியாக உச்சரிக்கும் விதம், எழும்பும் நேரம், கூட்டிப் போகிறவர், பயப்படுவது எதற்கு, எதைப் பற்றிப் பேசினால் முகம் மலரும். தாத்தாவின் மழைச்சட்டை உட்பட.